காய்ச்சலுக்கு வந்த வாழ்த்துகள்

என் கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்தது. வாசகிகள் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

கல்லூரிக்குப் போய்வரும் ஒரு பெண்ணின் பின்னால் மாதக்கணக்கில் ஒருவன் வருகிறான். அவள் பேருந்தில் ஏறினால் ஏறுகிறான், இறங்கினால் இறங்குகிறான். ஒரு நாள் தன் வீட்டுத் தெருமுனையிலேயே அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து படுத்தவளுக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. செல்பேசி மணி அடித்தால் தூக்கிவாரிப் போடுகிறது. பயந்துபோன ஒரு பெண்ணை எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு, அந்த அத்தியாயத்தைச் செயலியில் ஏற்றிவிட்டுத் தோசைக்கு மாவு கரைக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் திரை முழுக்க இதயங்கள். "வந்துடுச்சு வந்துடுச்சு, லவ் ஃபீவர் வந்துடுச்சு!" "ஹப்பாடா, பாப்பா கவுந்துட்டா சிஸ்." "அடுத்த எபி எப்போ? வெயிட் பண்ண முடியல." எபி என்றால் அத்தியாயம். சிஸ் என்றால் நான்.

செல்பேசியைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. புதிதாக வாங்கியது என்பதால் தப்பித்தது.

நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீடு கடலூர் முதுநகரில். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. இனி ஆகாது என்று சொந்தபந்தம் ஒருமனதாக முடிவெடுத்துவிட்டதில் எனக்கும் நிம்மதிதான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பேருந்தில் கழியும் நேரத்தில், உட்கார இடம் கிடைத்தால், செல்பேசியிலேயே தொடர்கதை எழுதுவேன். பெண்கள் எழுதிப் பெண்களே படிக்கும் செயலி அது. வாரம் ஒரு அத்தியாயம் ஏற்றவேண்டும். படித்தவர்கள் கீழே கருத்துப் போடுவார்கள். அந்தக் கருத்துகளைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாரம் எழுதவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம்.

அங்கே கதாநாயகி என்றால் யார் என்பதும் எனக்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயம். வயது பத்தொன்பது, மிஞ்சிப்போனால் இருபது. வகுப்பில் முதல் மாணவி, ஆனால் ரோட்டைக் கடக்கத் தெரியாது. நடந்தால் கால் தடுக்கும், தடுக்கினால் அவன் மேல்தான் விழுவாள். கோபப்பட்டால் அழகு, அழுதால் அதைவிட அழகு. அவள் மனது அவளுக்கே தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். இந்தக் கடைசி விதிதான் எனக்கு ஆகவே ஆகாது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிறவளுக்குத் தன் மனது புரியாதாம். அரியர் வைத்துவிட்டு பைக்கில் சுற்றுகிறவனுக்கு அது தண்ணீர்பட்ட பாடாம்.

அவள் வேண்டாம் என்றால் வெட்கம். முறைத்தால் ஊடல். ஓடினால் விளையாட்டு. பேசாமல் இருந்தால் சம்மதம். நடுங்கினால் கேட்கவே வேண்டாம், காதல் முற்றிவிட்டது. பயத்துக்கும் காதலுக்கும் இவர்கள் ஒரே உடம்பைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். படபடப்பா, வியர்வையா, தூக்கம் இல்லையா, பசி இல்லையா, எல்லாமே காதலின் கணக்கில் ஏற்கெனவே எழுதியாயிற்று. ஒரு பெண் பயந்திருக்கிறாள் என்று எழுத எனக்கு ஓர் அறிகுறியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கம்மாபுரத்திலிருந்து ஒரு வாசகி, நல்ல மனுஷி, நான் எழுதும் எதையும் விடாமல் படிப்பவர், தனியாகச் செய்தி அனுப்பினார்: "கடலூர்ப் பொண்ணுதான சிஸ், கல்யாணத்த திருவந்திபுரம் பெருமாள் கோயில்லயே வெச்சிடுங்க. எங்களுதும் அங்கதான் நடந்துச்சு." பெண் காய்ச்சலில் கிடக்கிறாள், இவர் கல்யாணத்துக்கு இடமே பார்த்துவிட்டார்.

இதெல்லாம் முகம் தெரியாத வாசகிகள் என்று விட்டுவிடலாம். முகம் தெரிந்தவர்கள் இன்னும் மோசம்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் மாதா கோயில் வட்டாரத்தில், தெருவுக்கு ஒரு அன்பியம் உண்டு. கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் வாரத்தில் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, ஜெபமாலை சொல்லி, விவிலியம் வாசித்து, ஆளுக்கொரு வேண்டுதல் சொல்லி மன்றாடிவிட்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக் கலைவது வழக்கம். எங்கள் அன்பியத்தில் டீயோடும் பிஸ்கட்டோடும் சேர்த்து என் கதையும் பரிமாறப்பட்டது. படித்துக்காட்டுபவள் என் தங்கை. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், கணவர் வளைகுடாவில், ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிப்பவள் என்பதால் குரல் கணீரென்று இருக்கும். அந்தக் குரலில் என் கதாநாயகியின் காய்ச்சலை அவள் படித்தபோது எனக்கே அது காதல் போலத்தான் கேட்டது.

அதற்கு அடுத்த வாரம், மன்றாட்டு நேரத்தில், ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "டீச்சர் கதைல வர்ற அந்தப் பொண்ணு மனசு எளகி, அந்தப் பையன ஏத்துக்கணும்னு இறைவா உம்மை மன்றாடுகிறோம்." எல்லோரும் வழக்கம்போல, "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என் கதாநாயகிக்கு எதிராக என் முன்னாலேயே வேண்டிக்கொள்கிறார்கள். கதையை எழுதுகிறவள் நான், ஆண்டவரை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்றேன். "நீங்க எழுதறதே அவரு குடுக்கறதுதான டீச்சர்" என்று டீ டம்ளரை என் கையில் கொடுத்தார் அந்த அம்மா. அந்த டீயை நான் குடிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

அந்த மாதத்தில்தான் என் தங்கை மகள் ஒரு நாள் மாலை சிதம்பரத்தில் என் பேருந்தில் ஏறினாள். அங்கே கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். அவளுடைய பேருந்து எப்போதும் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிடும். என் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"பெரிம்மா, ஒருத்தன் ஒரு வருஷமா பின்னாடியே வரான். நான் பஸ்ஸ மாத்துனா அவனும் மாத்தறான். நம்பர பிளாக் பண்ணா வேற நம்பர்லேர்ந்து மெசேஜ் வருது. நம்ம பங்குதான். எனக்குப் பயமா இருக்குது."

"கைய கிய்ய புடிச்சானா?"

"இல்ல. அதான் யார்கிட்ட சொன்னாலும், அவன் ஒண்ணும் பண்ணலியேங்கறாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு என் வீட்டுக்குப் போய்விட்டு வரும்வரை பொறுக்க முடியவில்லை. முதுநகரில் இறங்கி நேராகத் தங்கை வீட்டுக்குத்தான் போனேன். நான் கொண்டுபோனது புகார். அவள் அதை நல்ல செய்தியாக வாங்கிக்கொண்டாள். யார், எந்தக் குடும்பம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"அவுங்க வூட்டுப் பையனா? நல்ல குடும்பமாச்சே அக்கா. கம்பெனில வேல. ஒரு வருஷமாவா? அடேங்கப்பா!"

"ஏண்டி, உம் பொண்ணு பயந்து நடுங்கறா. உனக்குப் புரியுதா இல்லியா?"

"அதான் நானும் பாத்துக்கிட்டு இருந்தேன், சரியா சாப்புடறதில்ல, ஃபோன் அடிச்சா திடுக்குன்னு எழுந்துக்கறா. அப்பவே நெனச்சேன்."

என்ன நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். வாரா வாரம் கணீரென்று படித்துக்காட்டியவள் அல்லவா!

அவனையும் ஒரு நாள் பேருந்தில் பிடித்தேன். தங்கை மகள் முன்னால் உட்கார்ந்திருக்க, இரண்டு வரிசை தள்ளிப் பின்னால் அவன். வெள்ளைச் சட்டை, ஒழுங்காக வாரிய தலை, கழுத்தில் ஜெபமாலை. பக்கத்தில் போய் நின்று, இனி அவள் பின்னால் வந்தால் நடப்பதே வேறு என்றேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. அவன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். "ஒக்காருங்க ஆன்ட்டி. எங்கம்மா ஒங்க கதய உடாம படிக்கிறாங்க" என்றான். அப்புறம் கொஞ்சம் தணிந்த குரலில், "ஹீரோவ ஏன் ஆன்ட்டி இப்டி அலைய உடறீங்க? பாவமில்லியா அவன்?" என்றான். பக்கத்துச் சீட்டில் இருந்தவர் சிரித்தார். நடத்துனரும் சிரித்தார். ஒருவர் என்னைப் பார்த்து, "வுடுங்கம்மா, சின்னப் பசங்க" என்றார். அவன் கையை ஓங்கியிருந்தால் இத்தனை பேரும் அவனை அடித்திருப்பார்கள். அவன் இடம் கொடுத்தான். அதனால் ஜெயித்தான்.

அந்த வாரத்தில் என் கதாநாயகியை வாய் திறந்து சொல்ல வைத்தேன். பேருந்து நிலையத்தில், பத்துப் பேர் முன்னால், "எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை, என் பின்னால் வராதே" என்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? "செம்ம ஊடல் சிஸ்!" என்றது முதல் கருத்து. அடுத்த வாரம் அவளைக் காவல் நிலையத்துக்கே அனுப்பினேன். அவ்வளவுதான், வாசகிகளுக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. திமிர் என்றார்கள், ஈரமில்லாதவள் என்றார்கள், அவன் அம்மாவின் நிலையை நினைத்துப் பார்த்தாளா என்றார்கள். அவன் அம்மாவை நான் எழுதவே இல்லை. அவர்களாகவே உண்டாக்கி, அவர்களாகவே அழவைத்திருந்தார்கள். செயலியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, "மேடம், ஹீரோயின் மேல சிம்பதி கொறையுது, கொஞ்சம் சாஃப்ட் பண்ணுங்க" என்று இனிமையாகச் சொன்னாள்.

அவளை மென்மையாக்கினால் அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும். கொடுக்காவிட்டால் அவள் திமிர் பிடித்தவள். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, கொன்றுவிடலாம். செத்துப்போனால் எல்லோரும் கண்ணீர் விடுவார்கள், தேவதை என்பார்கள். உயிரோடு இருந்துகொண்டு, ஒருவனைப் பிடிக்காமல், மறுநாள் காலையில் சாதாரணமாகக் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு எங்கள் கதைகளில் ஒரு நாற்காலிகூடப் போட்டு வைக்கவில்லை.

நான் இப்படிக் கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய அம்மா தாம்பாளத்தில் பழமும் பூவுமாகத் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். "எம் புள்ள வேற எந்தப் பொண்ணயும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்குறான். ஒரு வருஷமா வெயில்லயும் மழையிலயும் இவ பின்னாடியேதான். இந்தக் காலத்துல யாரு இப்டி இருக்கா சொல்லுங்க" என்றார். என் தங்கை கண் கலங்கிவிட்டாள். வளைகுடாவிலிருந்து வீடியோவில் வந்த அவள் கணவரும் கண் கலங்கினார். தங்கை மகள் உள்ளே இருந்து வந்து, "எனக்குப் புடிக்கலம்மா" என்றாள். "எல்லாப் பொண்ணும் மொதல்ல அப்டித்தான் சொல்லும்" என்று சிரித்தார் அந்த அம்மா. என் தங்கையும் கூடச் சிரித்தாள்.

நான் கத்தினேன். மறைக்க என்ன இருக்கிறது, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பெண் வாய்விட்டுச் சொல்கிறாளே, காதில் விழவில்லையா, படித்தவள்தானே நீ என்றேன். தங்கை முதலில் சமாதானம் சொன்னாள். அப்புறம் அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"நீ எழுதறதுலயே பாரு. அவளும் பயப்படறா, காய்ச்சல்ல படுக்கறா. அதெல்லாம் என்னாவாம்?"

"அது பயம்டி. நான் பயத்தத்தான் எழுதுனேன்."

"அந்தப் பயம்தான்கா அது. உனக்கெங்க தெரியும்? உம் பின்னாடி யாரு வந்தா?"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வலித்தது. கூடப்பிறந்தவள் வாயிலிருந்து வந்தால் எப்படி வலிக்குமோ அப்படி வலித்தது. அதைவிடக் கோபம் இன்னொன்றில். யாராவது பின்னால் வந்தால்தான் ஒரு பெண்ணுக்கு மதிப்பு என்று அவள் மனதார நம்புகிறாள். தன் மகளுக்கு அந்த மதிப்பு கிடைத்துவிட்டதென்று சந்தோஷப்படுகிறாள். அவள் கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவிப்பது. அதற்கு முன்னால் பங்குத்தந்தை பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாக உட்காரவைத்து, யாருடைய கட்டாயமும் இல்லாமல் வருகிறாயா என்று கேட்கவேண்டும். அம்மா அப்பா யாரும் கூட இருக்கக்கூடாது. நான் அதைத்தான் நம்பியிருந்தேன். தனியாகக் கேட்கும்போது சொல்லிவிடுவாள், ஃபாதர் நிறுத்திவிடுவார், முடிந்தது.

அவர் கேட்டாராம். தங்கை மகள் சொல்லத்தான் நினைத்தாள். வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். ஃபாதர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "பெத்தவங்கள விட்டுப் போறதுன்னா யாருக்கும் கஷ்டமாதாம்மா இருக்கும். அழுவாத, அதே ஊர்லதான இருக்கப்போற" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டார். குனிந்த தலையையும் கண்ணீரையும் மணப்பெண்களிடம் பார்த்துப் பார்த்துப் பழகியவர். இளவயதுக்காரர், இரக்கமானவர். இந்த விவகாரத்தில் எல்லோருமே இரக்கமானவர்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தாயிற்று. பெயரைக் கேட்டதும் அன்பியத்துப் பெண்கள் திரும்பித் திரும்பி என் தங்கையைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு வரிசைக்கு அப்பால் அவன் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் தங்கை மகள் என் வீட்டுக்கு வந்தாள்.

"எப்டி சொன்னா நம்புவாங்க பெரிம்மா?"

வாரா வாரம் நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி. பதில் தெரிந்திருந்தால் கதையிலாவது எழுதியிருப்பேனே. அடுத்த ஓலை வாசிக்கும்போது எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு, நானும் கூட எழுந்து நிற்கிறேன் என்றேன். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"பூசைல எழுந்து நின்னா சினிமா மாதிரி ஆயிடும். அப்புறம் அவன் எழுந்து எதனா பேசுவான். எல்லாரும் அழுவாங்க. கட்டிவெச்சிருவாங்க." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் சும்மா போயி சொல்லப்போறேன். அழ மாட்டேன். நீ வரதுன்னா வா, ஆனா வாயத் தொறக்காத. நீ பேசுனா சண்டையாயிடும்."

சண்டைக்காரி என்ற பட்டத்தை நான் மறுக்கவில்லை. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஒரு வேலைநாள் காலையில் அவளோடு போனேன். வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். பழைய சுடிதார், தலையில் பூ இல்லை. பங்கு அலுவலகத்தில் ஃபாதர் மைக் ரிப்பேர் செய்பவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று நான் நினைத்தேன். இவள் காத்திருக்கவில்லை.

"ஃபாதர், அந்த ஓலைய நிறுத்திடுங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

மைக் ரிப்பேர்காரர் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். ஃபாதர் அவரை வெளியே அனுப்பிவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். குரலைத் தணித்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார்.

"வேற யாரையாவது விரும்புறியாம்மா?"

"இல்ல ஃபாதர்."

"பயப்படாம சொல்லு. நான் வூட்ல பேசறேன்."

"யாரும் இல்ல ஃபாதர்."

"அப்புறம் ஏன் வேணாங்குற?"

"அவரப் புடிக்கல."

"அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?"

"அதான் காரணம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதையாவது விளக்குவேன் என்று எதிர்பார்த்தார். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த இடங்கள் ரொம்பக் கொஞ்சம், அதில் இதுதான் கஷ்டமானது. நாக்கைக் கடித்துக்கொண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அன்றைக்குச் சொல்லத்தான் அழுதேன் என்றாள். அவர் முகம் மாறியது. "சரிம்மா. விருப்பமில்லன்னு நீ சொன்னப்புறம் நான் வாசிக்க முடியாது. நிறுத்திடறேன்" என்றார். அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்தில் போனது.

இரண்டாவது ஓலை வாசிக்கப்படவில்லை. ஊர் சும்மா இருக்குமா? அவன் தாடி வளர்த்தான். தாடியைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். இப்போதெல்லாம் அவன் யார் பின்னாலும் போவதில்லை, ஏமாந்தவன் என்ற உத்தியோகத்திலேயே அவனுக்கு வேலை ஜாஸ்தி. எங்கள் அன்பியத்தில் என் கதையை நிறுத்திவிட்டுத் தங்கை மகளை வைத்து வேறு கதையைத் தொடங்கினார்கள். சிதம்பரத்தில் ஒருத்தன் இருக்கிறான், கூடப் படிப்பவன், இல்லை, சொல்லிக்கொடுப்பவன், இல்லை, பேருந்தில் பழக்கம். வாரத்துக்கு ஓர் அத்தியாயம். என்னைவிட நன்றாகவே எழுதினார்கள். தங்கை என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மகளோடு பேச்சும், சோறு போட்டேன், துணி காயுது என்பதோடு சரி.

நானும் என் தொடரை முடித்தேன். கதாநாயகி பரீட்சை எழுதுகிறாள், தேறுகிறாள், ஒரு வேலையில் சேர்கிறாள். அவன் இல்லை. வேறு எவனும் இல்லை. கடைசி வரியில் அவள் மத்தியானச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிடுகிறாள். வேண்டுமென்றேதான் அப்படி முடித்தேன். "ரெண்டாவது பாகத்துல நெஜமான ஹீரோ வருவாரா சிஸ்?" என்று கேட்டார் கம்மாபுரத்து வாசகி. செயலியின் அலுவலகப் பெண்ணோ, முடிவு முடிவு மாதிரி இல்லை என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, தங்கை என் வீட்டுக்கு வந்தாள். கையில் மீன் குழம்பு, பின்னால் மகள். அடுப்படிக்குத் தட்டு எடுக்க மகள் போனதும், என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். மெலிந்துபோயிருந்தாள். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, சமாதானம் ஆகப்போகிறோம் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அக்கா, நடந்தத வுட்டுடு. எனக்கு எம் பொண்ணு முக்கியம். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லு. அவன் யாரு?"

"எவன்?"

"அவ மனசுல இருக்கறவன். இந்துப் பையனா இருந்தாலும் பரவால்லக்கா. சாதி கீதி எதுவும் நான் பாக்கல. அவ அப்பாவ நான் பேசி சமாளிச்சிக்கறேன். பேர மட்டும் சொல்லு, நானே போயி பேசி கட்டி வெக்கறேன்."

வேறு சாதியில் கட்டினாள் என்பதற்காக எங்கள் சித்தப்பா மகளோடு இன்றுவரை பேசாதவள் இவள். இல்லாத ஒருவனுக்காக மதத்தை விட்டுக்கொடுத்தாள், சாதியை விட்டுக்கொடுத்தாள், கணவரை எதிர்க்கத் துணிந்தாள். மகள் சொன்ன ஒரு வார்த்தையை நம்ப மட்டும் முடியவில்லை.

"யாரும் இல்லடி. அவளுக்கு அவனப் புடிக்கல, அவ்ளோதான்."

"நீயும் மறைக்கிற."

தங்கை மகள் தட்டுகளோடு வாசற்படியில் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கவேண்டும். குரல் உயரவில்லை, கண் கலங்கவில்லை. அம்மாவை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அம்மா, யாரும் இல்லம்மா. நெஜமா யாருமே இல்ல."

தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியாக்கா, கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வரல. அவன் மேல எவ்ளோ ஆச இருந்தா பெத்தவகிட்டயே இப்டி மறைப்பா."